நேராகப் பறக்காதே

எதிரிக் கப்பலைப் பார்த்ததும் விண்வெளியில் பிரேக் போட்டு, ஓரமாக ஒதுங்கி, அதற்கு வழிவிட்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் பிழைப்பு. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். வருஷக்கணக்காக அதன்மேல் காலை வைத்தே உட்கார்ந்து பழகியதில், வீட்டு சோபாவில் சாய்ந்து டி.வி. பார்க்கும்போது யாராவது வண்டியை வேகமாகத் திருப்பினாலும் அவள் வலது கால் தரையை அழுத்தும். அவளிடம் படிப்பவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் பிரேக்கம்மா. அந்த விண்வெளிக் கம்ப்யூட்டர் விளையாட்டில் சேர்ந்தபோது அது ஒரு பெயர் கேட்டது. யோசிக்காமல் அதையே அடித்தாள்.

அதில் அவளைச் சேர்த்துவிட்டது அக்கா. அக்கா இருந்தது வேறொரு நாட்டில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் தலைமை வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். விளையாட்டில் அவள் பெயர் ஊசி. அக்காவும் தங்கையும் போனில் பேசினால் சாப்பிட்டாயா என்பதில் ஆரம்பித்து, சின்ன வயதில் யார் யாரை அடக்கி வைத்தது என்பதில் முடியும். யாராவது ஒருத்தி போனை வைத்துவிடுவாள். "அடிச்சிக்கிறதுன்னு ஆயிடுச்சு. அதையாவது ஒழுங்கா ஒரு கப்பல்ல உட்கார்ந்து அடிச்சிக்கலாம், வா" என்றாள் அக்கா ஒருநாள். வந்தாள்.

புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் அந்த விளையாட்டு ஒரு சின்னக் கப்பலை இலவசமாகக் கொடுக்கும். பழைய ஆட்கள் அதைக் குருவி என்பார்கள். ஒரே ஒரு துப்பாக்கி. அப்பளம் மாதிரி ஒரு கேடயம். முன்னால் இரண்டு விளக்கு. அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கிற கப்பல்களுக்கு மட்டும் நாம் பேசுவது கேட்கும். தள்ளிப் போய்விட்டால் கேட்காது.

முதல் சண்டையில் அவள் குருவி வெடித்தபோது அக்கா சிரித்த சிரிப்பில் அவள் மாட்டியிருந்த, மைக் வைத்த காதுக்கருவியே அதிர்ந்தது.

"நின்னுட்டியா? எதுக்குடி நின்ன?"

"எதிர்ல பெரிய வண்டி வந்துச்சு. வழி விட்டேன்."

"கொள்ளைக்காரனுக்கு வழி விட்டியா! இண்டிகேட்டர் போட்டியா?"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் நடந்தது. தங்கைக்குக் காலை, அக்காவுக்கு மதியம் சாய்கிற நேரம். அக்கா சொல்லித்தருகிற முறை அவளுக்குப் புதுசாக இருந்தது. தான் மாணவர்களிடம் எதையெல்லாம் செய்யாதே என்று கத்துவாளோ, அதையெல்லாம் அக்கா செய்யச் சொன்னாள்.

"நேராப் பறக்காத. நேராப் போறவள குருடன்கூட சுட்டுடுவான். வளைஞ்சுக்கிட்டே இரு."

"எந்தப் பக்கம்?"

"அவன் எதிர்பார்க்காத பக்கம்."

இன்னொரு ஞாயிறு: "இன்ஜின், கேடயம், துப்பாக்கி மூணுக்கும் சேர்த்து இருக்கிறது கொஞ்சூண்டு மின்சாரம். புதுசா வர்றவங்க எல்லாரும் மொத்தத்தையும் துப்பாக்கிக்கு ஊத்திடறாங்க. நீ இன்ஜினுக்குக் கொடு. உயிரோட இருந்தாத்தானே சுடறதுக்கு."

குருவியின் துப்பாக்கி தொடர்ந்து சுட்டால் சூடாகி நின்றுவிடும் என்பதையும், எதிரியின் மூக்குக்கு முன்னால் நிற்பதைவிட அவன் வாலுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வது புத்திசாலித்தனம் என்பதையும், பெரிய கப்பல் திரும்புவதற்குள் குருவி இரண்டு சுற்று சுற்றிவிடும் என்பதையும் அவள் செத்துச் செத்துத்தான் கற்றுக்கொண்டாள். முழு வேகத்தில் திரும்பினால் வட்டம் பெரிதாகிவிடும். பாதி வேகத்துக்குக் குறைத்துவிட்டுத் திருப்பினால் இடுப்பை ஒடித்த மாதிரி திரும்பும். இது மட்டும் அவளுக்கு உடனே பிடிபட்டது. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறை என்றுதானே அவளும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்ல. கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பாகும். நீ கொஞ்சம் குதிரையாயிருக்க" என்றாள் அக்கா. அதற்குமேல் பாராட்ட அவளுக்கு வாய் வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சேர்ந்தாற்போல் இரண்டு முறை கொட்டாவி விட்டாள். தலை வலிக்கிறது என்றாள். "படுத்துக்கோயேன்" என்று தங்கை சொன்னதற்கு, "முதல்ல உன்னை மனுஷியாக்கிட்டுப் படுக்கறேன்" என்று பதில் வந்தது. இருவரும் பாறைகள் மிதக்கும் ஒரு பகுதிக்குப் போனார்கள். அக்காவின் கப்பல் சரக்கு ஏற்றுகிற பெரிய தடியன். அதன் கேடயம் கோட்டைச் சுவர் மாதிரி. குருவி அதன் பக்கத்தில் யானைக் காதோரம் பறக்கும் ஈயாகத் தெரிந்தது.

பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புக் கப்பல் வந்தது. பெயர்: கொள்ளிவாய்.

"அக்கா, வந்துட்டான்!"

"பார்த்தேன். உன் பாடு. நான் கை வைக்க மாட்டேன்."

முதல் குண்டு குருவியை உரசிக்கொண்டு போனது. அவள் வலது கால் பழக்கதோஷத்தில் மேஜைக்கடியில் தரையை அழுத்தியது. ஆனால் கை வளைத்தது. மேலே, பிறகு பக்கவாட்டில், பிறகு ஒரு பாறையைச் சுற்றி. சாகவில்லை! அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இடது பக்கம் போ" என்றாள் அக்கா.

இடது பக்கம் போனாள். கொள்ளிவாய் சரியாக அங்கேதான் காத்துக்கொண்டிருந்தான். கேடயம் பாதியாகச் சரிந்தது.

"என்னக்கா, இடதுன்னு சொல்லி மாட்டிவிட்டுட்ட!"

"கரண்டிய" என்றாள் அக்கா. "கரண்டியப் பின்னால வை."

தங்கை சிரித்துவிட்டாள். "எந்தக் கரண்டி? மதியம் சாப்பிட்டதே இன்னும் மனசுல இருக்கா?"

"கரண்டி... கர..." அப்புறம் நாக்கு தடித்துப்போன மாதிரி ஏதோ ஒரு சத்தம். எதையோ இழுத்துக்கொண்டு விழுகிற ஓசை. நாற்காலிச் சக்கரம் உருள்கிற ஓசை. அதன்பின் மூச்சு மட்டும். ஈரமான, கனமான மூச்சு, காதுக்குப் பக்கத்திலேயே.

சிரிப்பு அவள் முகத்திலேயே உறைந்து நின்றது. அக்கா இப்படியெல்லாம் விளையாட மாட்டாள். அக்காவுக்கு நடிக்கவே தெரியாது.

"அக்கா? அக்கா! என்னடி ஆச்சு உனக்கு?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவை 'டி' போட்டுக் கூப்பிட்டாள். அது அப்போது அவளுக்கே தெரியவில்லை.

பக்கத்து அறையில் அவள் புருஷன் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எலெக்ட்ரீஷியன், ஞாயிற்றுக்கிழமைதான் சொந்த வீட்டு ரிப்பேர். அவள் போட்ட கூச்சலில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக ஓடிவந்தார்.

"அக்காவுக்குப் போன் போடுங்க! இப்பவே!"

அவர் போட்டார். அவர் காதில் மணி அடித்தது. அவள் காதுக்கருவியிலும் அதே மணி அடித்தது, அக்காவின் அறையில், எங்கோ தள்ளி ஒரு மேஜைமேல். அது அடித்துக்கொண்டே இருந்தது; யாரும் எடுக்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் நடுநடுவே. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆம்புலன்ஸ்" என்றார். "நம்ம நம்பர் அங்க போகாதே."

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கொள்ளிவாய் சுடுவதை நிறுத்தியிருந்தான். கறுப்புக் கப்பல் அசையாமல் எதிரில் நின்றது.

"ஊசிக்கு என்ன ஆச்சு?" ஒரு ஆணின் குரல். கொள்ளைக்காரன் குரலாக அவள் நினைத்துவைத்திருந்த கரகரப்பு அதில் இல்லை, பயந்துபோயிருந்தது. "ஏன் பேச மாட்டேங்கறாங்க?"

"தெரியலங்க. என் அக்கா. பேச்சு குழறிடுச்சு. கீழ விழுந்துட்டா போல. தனியா இருக்கா. நான் வேற நாட்டுல இருக்கேன். தயவுசெஞ்சு—"

"நான் அவங்க ஊர்தான். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன். அட்ரஸ் சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள்.

அக்கா வீடு மாறிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. புது விலாசம் அனுப்பு என்று அவள் கேட்டதும் உண்மை. "ஏன், நீ வந்து குதிக்கப் போறியா?" என்று அக்கா கேட்டதும் உண்மை. பேச்சு வேறு எங்கோ போய்ச் சண்டையில் முடிந்தது. அப்புறம் கேட்கவில்லை. அக்காவின் கப்பலில் எத்தனை துப்பாக்கி, எந்தப் பக்கம் கேடயம் இளைத்தது என்றெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அக்கா எந்தக் கதவுக்குப் பின்னால் தூங்குகிறாள் என்று தெரியாது.

"தெரியாது" என்றாள்.

"நீங்க கூடப் பொறந்தவங்கதானே?" அவன் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே குழம்பித்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி அவளைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

எதிரில் மிதந்த அக்காவின் பெரிய கப்பலில் முன்விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது.

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். மறுபடியும் எரிந்தது, அணைந்தது. விளக்குக்கான பொத்தான் விசைப்பலகையில் இடது ஓரத்தில் இருக்கும். அக்கா விழவில்லை. நாற்காலியிலேயே சாய்ந்திருக்கிறாள். இடது கை இன்னும் அவள் சொல்பேச்சு கேட்கிறது.

"அக்கா, நான் பேசறது கேக்குதா? கேட்டா ஒரு தடவை விளக்கப் போடு."

ஒருமுறை எரிந்தது.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஆமான்னா ஒண்ணு. இல்லன்னா ரெண்டு. சரியா?" எரிந்தது. "பஸ் டிப்போ! என் ஜன்னலுக்குக் கீழ டிப்போ, விடியக்காலையிலயே உறுமறானுங்கன்னு சொன்னியே. அந்த வீடுதானே?" எரிந்தது.

"எந்த டிப்போ?" கொள்ளிவாய் குறுக்கே கேட்டான். இன்னொரு போனில் யாரையோ காத்திருக்கச் சொல்வது கேட்டது. "இங்க ரெண்டு இருக்கு. வடக்கு டிப்போவா?" விளக்கு இரண்டு முறை எரிந்தது. "அப்ப ஆத்துப் பக்கம். அங்க நாலு அடுக்குமாடி நிக்குது, நாலும் ஒரே மாதிரி. எதுன்னு கேளுங்க!"

அவள் கேட்க வாயெடுத்தபோது குருவி அதிர்ந்தது. கேடயம் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

இரண்டு புதுக் கப்பல்கள். பிணத்தைத் தேடிப் பருந்து வருகிற மாதிரி, சண்டை நடந்த இடத்தை மோப்பம் பிடித்து வந்திருந்தார்கள். அவள் நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். பதிலுக்குப் புரியாத மொழியில் இரண்டு குரல்கள் சிரித்தன. அவர்களுக்கு அவள் ஓர் ஓட்டைக் குருவி, அக்கா ஆளில்லாமல் மிதக்கிற சரக்குக் கப்பல், அல்வா மாதிரி.

"சுட்டா சுடட்டும், விட்டுடு" என்றார் புருஷன். "விளையாட்டுதானே."

"என் கப்பல் வெடிச்சா என்னை எங்கேயோ தூக்கிப் போட்டுடும். அக்கா விளக்கு தெரியாது. அவ மூச்சுகூடக் கேக்காது."

அவருக்குப் புரிந்தது. ஒரு காகிதத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி வந்த அட்டையில் பேனாவை வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ ஓட்டு. விளக்க நான் எண்ணறேன்."

மின்சாரம் முழுவதையும் இன்ஜினுக்குத் திருப்பினாள். அக்காவின் கப்பலை ஒட்டிப் பறந்தாள். ஒரு வீட்டைச் சுற்றி ஓடுகிற மாதிரி அதன் வயிற்றடியில் நுழைந்து, முதுகில் ஏறி, மறுபடி வயிற்றடிக்கு வந்தாள். துரத்தியவன் சுட்டதில் பாதி அக்காவின் கோட்டைச் சுவரில் பட்டுத் தெறித்தது. ஆனால் விளக்கு முன்பக்கம்தான் இருந்தது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் திறந்த வெளிக்கு வந்தாக வேண்டும்.

"டிப்போ வாசல்லேருந்து எத்தனாவது கட்டடம்னு சொல்லுக்கா!"

வெளியே வந்தாள். வளைந்தாள். நேராகப் போகாமல் விளக்கைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. விளக்கு திரையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடியது.

"மூணு" என்றார் புருஷன்.

"மூணாவது!" என்று அவள் கத்த, கொள்ளிவாய் அதைத் தன் போனில் அந்த நாட்டு மொழியில் திருப்பிச் சொன்னான்.

"மாடி?"

எரிந்தது. எரிந்தது. நடுவில் இரண்டாவது கப்பல் மூக்குக்கு நேரே வந்துவிட்டது. அவள் வேகத்தைப் பாதியாக்கி, இடுப்பை ஒடித்துத் திரும்பி, அவன் வாலுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டாள். எப்படிச் செய்தாள் என்று பிறகு யோசித்தும் விளங்கவில்லை. விட்டுவிட்டு மூன்று முறை சுட்டாள். அவன் பதறிப்போய்த் தன் கூட்டாளியின் மேலேயே மோதி, இரண்டு பேரும் பாறைப் பக்கம் உருண்டார்கள்.

"எண்ணிக்கை போச்சு" என்றார் புருஷன். "பாதில மறைச்சுட்டான்."

"அக்கா, மறுபடியும். மெதுவா. என் கண்ணுல்ல."

விளக்கு நெடுநேரம் எரியவே இல்லை. காதில் மூச்சு இருந்தது. ஆனால் இடைவெளி கூடியிருந்தது. அவள் திரையையே வெறித்தாள். பிறகு எரிந்தது. கிணற்றிலிருந்து கனமான குடத்தை இழுக்கிற மாதிரி, ஒவ்வொன்றாக, நிதானமாக.

"ஆறு." அவர் அட்டையில் எழுதினார். "கதவு நம்பரைக் கேளு."

அந்த இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். இப்போது அவர்களுக்குக் கோபம். கதவு எண்ணின் முதல் பாதி வருவதற்குள் குருவியின் கேடயம் மொத்தமும் போனது. இரண்டாம் பாதிக்கு அவள் மறுபடி திறந்த வெளிக்கு வந்தபோது உடம்பில் ஓட்டை விழுந்து எச்சரிக்கை மணி அலறியது. கேடயம் போனால் ஓடிவிடு என்பதுதான் அக்கா சொன்ன பாடங்களிலேயே பெரிய பாடம். அவள் ஓடவில்லை. அக்காவின் விளக்குக்கு முன்னாலேயே சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றினாள். புருஷன் எண்ணி முடித்தார். அவள் கத்தினாள். கொள்ளிவாய் போனில் கத்தினான். பிறகு அவன் கறுப்புக் கப்பல் முதல் தடவையாக அசைந்து, அவளுக்கும் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் வந்து குறுக்கே நின்றது.

"போயிட்டிருக்காங்களாம்" என்றான். "டிப்போ பக்கத்துலயே வண்டி இருந்திருக்கு. நீங்க அவங்ககூடப் பேசிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க."

என்ன பேசுவது? சண்டை போடாமல் அக்காவிடம் பேச அவளிடம் ஒன்றுமே இல்லை. கார் பழகிக்கொள்ள வருகிற ஒரு வழக்கறிஞர் ரிவர்ஸ் எடுக்கிறபோதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வதைச் சொன்னாள். இஸ்திரிப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். தான் பயந்துபோய் இருப்பதைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் நடுவே "கேக்குதாக்கா" என்றாள். சிலதுக்கு விளக்கு எரிந்தது. சிலதுக்கு எரியவில்லை.

காதுக்கருவியில் தூரத்தில் தட்டும் ஓசை. யாரோ கூப்பிடுகிறார்கள். மறுபடியும் தட்டுகிறார்கள். பிறகு மரம் பிளக்கிற சத்தம். ஒரே அடி இல்லை, பல அடிகள். காலடிகள் உள்ளே ஓடிவந்தன. ஒரு பெண் குரல் மிக அருகில், புரியாத மொழியில், குழந்தையிடம் பேசுகிற மாதிரி ஏதோ சொன்னது. யாரோ காதுக்கருவியைக் கழற்றினார்கள். கரகரவென்று ஓர் உரசல். அதன்பின் ஒன்றுமே இல்லை.

அந்த நேரத்தில்தான் குருவி வெடித்தது. திரை வெளுத்தது. எங்கோ ஒரு நிலையத்தில், பளபளவென்று புத்தம்புதிய இன்னொரு குருவியில் அவளை உட்கார்த்தி வைத்து, 'நல்வரவு' என்றது விளையாட்டு.

அவள் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். புருஷன் அவளைக் கட்டிக்கொண்டார். அவர் சட்டைப்பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் அவள் தோளில் குத்தியது. அதைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. ஆம்புலன்ஸோடு ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் ஓடியவன் கொள்ளிவாய்தான். மருந்து ஏற்றிவிட்டார்கள், உயிருக்குப் பயமில்லை, ஆனால் வலது கையும் பேச்சும் எந்த அளவுக்குத் திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்று அவன்தான் அவளுக்குத் தகவல் அனுப்பினான். அவள் பயிற்சிப் பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு, கிடைத்த விமானத்தில் ஏறினாள்.

கட்டிலில் அக்கா சிறுத்துப்போய்க் கிடந்தாள். முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. தங்கையைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். வார்த்தை வராமல் வாய் வெறுமனே அசைந்தது. அவ்வளவு பேசிய வாய் அது. தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் கதவருகில் ஒரு ஆள் வந்து நின்றான். ஒல்லியான உடம்பு, கட்டம்போட்ட சட்டை மேல்பொத்தான்வரை மாட்டியிருந்தது, கையில் ஆப்பிள் பை. பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்ப்பவன் என்றான். "நான்தான் கொள்ளிவாய்" என்று அவன் சொன்னதும், மருந்து மாற்ற வந்திருந்த நர்ஸ் கை நின்றுபோய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவளும் அவர்கள் பேச்சு புரிந்தவள்தான்.

தங்கை எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் கூசிப்போனான்.

"நான் ஒண்ணும் செய்யலங்க. எனக்கு அப்பவே இடிச்சுது, அதான். உங்க கேடயம் பாதியாச்சு, அவங்க போதும்னு சொல்லவே இல்ல."

"யாரு போதும்னு சொல்லணும்?"

அவன் அக்காவைப் பார்த்தான், பிறகு தங்கையை. "உங்களுக்குத் தெரியாதா? அன்னைக்கு என்னை வரச் சொன்னதே அவங்கதானே."

தங்கை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த ஊர்ல விளையாடற நம்மாளுங்க கொஞ்சப் பேரு அதுலயே பேசிக்குவோம். நேர்ல பார்த்துக்கிட்டதில்ல. 'என் தங்கச்சி ரொம்ப நல்லா ஓட்டறா. ஆனா நிஜமா ஒருத்தன் எதிர்ல வந்தா மரமா நின்னுடறா. நீங்க வந்து கொஞ்சம் மிரட்டுங்க, பாதி கேடயம் போனதும் நான் போதும்னு சொல்றேன், நிறுத்திக்குங்க'ன்னு சொன்னாங்க. பாதி போச்சு. கரண்டின்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

அவளுக்கு முதலில் வந்தது கோபம். செட்டப்பா! அத்தனை பயமும், மேஜைக்கடியில் தரையை அழுத்திய காலும், எல்லாம் இவள் ஏற்பாடா! அடுத்த நொடி அந்தக் கோபத்துக்கு அடியிலிருந்து இன்னொன்று மேலே வந்தது. ரொம்ப நல்லா ஓட்டறா என்று சொல்லியிருக்கிறாள். ஊர் பேர் தெரியாத ஒருத்தனிடம். அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா அவள் கண்ணைப் பார்க்காமல், கூரையில் ஏதோ முக்கியமான வேலை இருக்கிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அசையக்கூடிய பாதி உதடு மட்டும் லேசாகக் கோணியது.

கொள்ளிவாய் அக்கா பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்தான். "இன்னொரு விஷயம். சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல. நீங்க இங்க வந்ததும் உங்க பெரிய கப்பல் ஆள் இல்லாம மிதந்துச்சு. நானும் போனும் கையுமா இருந்துட்டேன். அந்த ரெண்டு பேரும் அதை உடைச்சு, உள்ள இருந்த சரக்கையெல்லாம் அள்ளிக்கிட்டு—"

"நாய்ங்க!"

சொன்னது அக்கா. தெளிவாக, கணீரென்று, பிசிறே இல்லாமல்.

நர்ஸ் கையிலிருந்த கிண்ணம் தரையில் விழுந்து உருண்டது. அக்கா பரிசோதனைக்கூடத்தில் தரை துடைப்பவரைக்கூட வாங்க போங்க என்று பேசுகிறவள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து தங்கை பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. எல்லோரையும்விட அதிகமாக அதிர்ந்துபோனவள் அக்காதான். கண்கள் அகல விரிந்தன. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டரம்மாவக் கூப்பிடறேன்" என்று நர்ஸ் ஓடினாள்.

வந்த டாக்டரம்மாவுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. பேச்சு போனவர்களுக்குத் திட்டு முதலில் வருவது உண்டு என்றார். யோசிக்காமல் வருகிற சொல்லுக்கு மூளையில் வேறு வழி இருக்கிறதாம். இது நல்ல அறிகுறி, ஆனால் இதிலிருந்து மற்ற வார்த்தைகளுக்குப் போக மாதக்கணக்கில் ஆகும் என்றார். அவர் சொன்னபடியேதான் ஆயிற்று. தண்ணீர் என்ற சொல் வர வெகுகாலம் பிடித்தது. வலது கை பேனா பிடிக்கிற அளவுக்கு வந்தது; ஊசி பிடிக்கிற அளவுக்கு வரவே இல்லை. பரிசோதனைக்கூடத்தில் அவளை வேறு மேஜைக்கு மாற்றினார்கள்.

அன்று சாயங்காலம் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. தங்கை வராந்தாவுக்கு வந்து புருஷனுக்குப் போன் போட்டாள். அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன ஆச்சு? ஏன் மூச்சு வாங்குது?"

"அக்கா பேசிட்டா."

"அப்பாடா! என்ன சொன்னாங்க?"

"நாய்ங்கன்னா."

அவர் ஜாக்கிரதையாகக் கேட்டார்: "யாரை? நம்மளையா?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தள்ளுவண்டியோடு போன ஒருவர் நின்று பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அது எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவருக்கும் தெரியவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.